நெய் விடாத ஓட்ஸ்

என் சமையலைக் குறை சொன்னவர் யாரும் இந்த வீட்டுக்கு இரண்டாவது முறை வந்ததில்லை என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார். பாதி விளையாட்டு, பாதி எச்சரிக்கை. அப்படிப்பட்ட நான், பதினேழு வயது மகள் பக்கத்தில் நின்று தராசைப் பார்த்துக்கொண்டிருக்க, "இது போதுமா கண்ணு, இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா?" என்று கெஞ்சிக் கெஞ்சி ஓட்ஸ் அளந்த காலைகள் உண்டு. அந்த வருஷம் புனேயில் மழை விட்டதிலிருந்து குளிர் முற்றும்வரை எங்கள் வானவடி வீட்டில் அவளுடைய காலை உணவு அது ஒன்றுதான். பேக்டு ஓட்ஸ். மற்ற வேளைகளில் பேருக்குத் தட்டில் கை வைப்பாள், அவ்வளவுதான்.

எப்படி ஆரம்பித்தது என்று நிறைய பேர் கேட்டார்கள். தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு? பத்தாம் வகுப்பு முடிந்த லீவில் அரிசிச் சோற்றை விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு விவரமாக இருக்கிறார்கள் என்று ஆபீசில் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு எண்ணெய் போனது. பிறகு தேங்காய். கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பத்தில் ஒரு பெண் தேங்காய்ச் சட்னியை ஒதுக்கி வைக்கிறாள் என்றால் எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கே இந்த ஊரில் காலேஜ்தான், அந்தக் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் அவள் மயங்கி விழுந்து, யாரோ ஒரு ஆட்டோக்காரர் தண்ணீர் தெளித்து எழுப்பி வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகுதான் உறைத்தது. அன்று அவள் கையைப் பிடித்தேன். நல்ல வெயிலில் வந்தவளின் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. என்னோடு இந்தியில்தான் பேசுவார். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரிடமும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். எடை இதற்கு மேல் இறங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும், இதயம் எந்த அளவுக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் பேசி முடித்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு மகளை உள்ளே கூப்பிட்டு, "உன்னால் எதைச் சாப்பிட முடியும்? நீயே சொல்," என்று கேட்டார்.  போனில் எங்கோ பார்த்திருக்கிறாள் போல. ஹை புரோட்டீன் பேக்டு ஓட்ஸ் என்றாள். டாக்டர் உடனே சரி என்றார். "தினமும் ஒரு கிண்ணம். மிச்சம் வைக்கக் கூடாது. அம்மா செய்து தருவார்." என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் செய்முறை இதுதான். ஓட்ஸை மிக்ஸியில் ஒரு சுற்று விட வேண்டும், மாவாகிவிடக் கூடாது. ஒரு முட்டை. பாதி வாழைப்பழம், மசித்தது. பால், அதுவும் ஆடை நீக்கியது. சக்கா. சக்கா என்பது இந்த ஊரில் ஸ்ரீகண்டு என்ற இனிப்பைச் செய்வதற்காகத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்த கெட்டித் தயிர். எங்கள் தெருமுனை டெய்ரியில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். புரோட்டீனுக்கு அதுதான் பிரதானம். ஒரு சிட்டிகை பட்டைத்தூள், கொஞ்சம் பேக்கிங் பவுடர். எல்லாவற்றையும் கலந்து கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஓவனுக்குள் வைத்தால் மேலே பொன்னிறமாக உப்பி வரும். அவளுடைய பிறந்தநாளுக்கு கேக் செய்வதற்காக வாங்கிய ஓவன் அது. சர்க்கரை கிடையாது. வெண்ணெய் கிடையாது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்த பிறகுதான் கலக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அவளாகவே சட்டம் போட்டு, அவளாகவே பக்கத்தில் நின்று, என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பொட்டலத்திலிருந்து ஒரு துளி சக்கா கூடுதலாக விழுந்துவிட்டால் அவள் மூச்சு மாறுவது எனக்குக் கேட்கும்.

அவள் சாப்பிடும்போது நான் பார்க்கக் கூடாது. அது இன்னொரு சட்டம். தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன். காது மட்டும் பின்னாலேயே இருக்கும். கரண்டி கண்ணாடியில் படும் சத்தம் வந்தால் எனக்கு மூச்சு வரும். நின்றால் என் மூச்சும் நிற்கும். திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுவாள். என் கணவர் சிஞ்ச்வட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போன் செய்வார்.

"சாப்புட்டாளா?"

"சாப்புட்டுட்டு இருக்கறா. வைங்க."

"பூராவுமா?"

"வைங்கன்னா வைங்க!"

அந்த மனிதர் மேல் எரிந்து விழுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் மகள் மேல் எரிந்து விழ முடியாது. யார் மேலாவது விழுந்துதானே ஆக வேண்டும்?

எதிர் வீட்டில் ஒரு மராத்தி அம்மாள் இருக்கிறார். மாடியில் எல்லோருக்கும் அவர் காக்கூ, அதாவது சித்தி. என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, மாதா மாதம் வரும் சங்கஷ்டி சதுர்த்திக்கு விரதம் இருக்கச் சொன்னார். காலையிலிருந்து சந்திரன் உதிக்கும்வரை உபவாசம், பிறகு பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுச் சாப்பாடு. ஊரில் சங்கடஹர சதுர்த்தி என்று என் அம்மா இருந்ததுதான். ஏற்கெனவே எனக்குக் கிருத்திகை உண்டு, சஷ்டி உண்டு. மகளுக்காகச் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். இப்போது இதுவும். இரண்டு மாநிலத்துச் சாமிகளையும் விட்டுவைக்கவில்லை. காக்கூ விரத நாளில் வேர்க்கடலைப் பொடி போட்டு ஜவ்வரிசிக் கிச்சடி ஒரு தட்டு நிறையச் சாப்பிடுவார். எனக்கு அதெல்லாம் விரதக் கணக்கிலேயே சேராது. பச்சைத் தண்ணீர்தான். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. தலை சுற்றும், கண் இருட்டும், ஆனாலும் ஹடப்சரில் இருக்கும் என் ஆபீசுக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய், எதுவும் நடக்காத மாதிரி வேலை பார்ப்பேன். என் பிள்ளை சாப்பிட வேண்டும், அதற்காக நான் சாப்பிட மாட்டேன். இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

விரதமில்லாத நாளிலும் அந்த ஓட்ஸை நான் வாயில் வைத்ததில்லை. அது அவளுடையது. அதில் ஒரு கரண்டி எடுத்தாலும் அவளுடைய கணக்கில் குறையும் என்று பயம்.

நெய் விஷயத்துக்கு வருகிறேன். கிண்ணத்தில் ஒட்டாமல் இருக்க அவள் ஒரு காகிதம் வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டுக் கிண்ணத்தில் நெய்யைத் தடவினேன். யோசித்துச் செய்தது இல்லை, கை தானாகப் போனது. எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் போடும் எதிலும் கடைசியில் ஒரு சொட்டு நெய் விடாமல் தட்டு நகராது. பருப்புச் சோறானாலும் சரி, கேழ்வரகுக் களியானாலும் சரி. அவள் அன்று ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்புறம், அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மாவிலேயே ஒரு கரண்டி. அந்த வாரம் டாக்டரின் எடைக் கருவி கொஞ்சம் ஏறிக் காட்டியது. டாக்டர் மகளின் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. நெய்தான் என் பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து இரண்டு கரண்டி.

கோயம்புத்தூராக இருந்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். புனேயின் டிசம்பர் காலை அப்படி இல்லை. ஒருநாள் அவள் தோழியோடு போனில் பேசிக்கொண்டே இருந்துவிட்டாள். கிண்ணம் மேஜையில் ஆறிப்போய்விட்டது. திறந்திருந்த பால்கனிக் கதவு வழியாகக் குளிர் வேறு. அவள் வந்து உட்கார்ந்து, ஓரத்தில் ஒரு துண்டைக் கரண்டியால் நெம்பிப் புரட்டியிருக்கிறாள். அடியில் வெள்ளையாக, மணல் மணலாக நெய் உறைந்து கிடந்தது.

சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தத் துண்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"கிண்ணத்துல ஒட்டக் கூடாதுன்னு லேசா..."

"ஜூட் பேசாதே, பொய் சொல்லாதே. எத்தன நாளா?"

"உனக்கு நல்லதுக்குத்தான் கண்ணு."

"எத்தன நாளான்னு கேட்டேன்!"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். "இந்த ஒண்ணுதான் நான் பயப்படாம சாப்டேன். இப்ப இதுவும் கெடயாது," என்றாள். அவளுடைய தமிழ் இழுத்து இழுத்து வருவது. அன்று அந்த வாக்கியத்தை மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள். எனக்கு அவள் கன்னத்தில் ஓர் அறை விடலாமா என்றும் இருந்தது, காலில் விழலாமா என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இன்னும் மோசம். அவளே அளந்து, அவளே செய்வாள் என்று சமாதானம் பேசினார் என் கணவர். அவளும் செய்தாள். செய்து, மேஜையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, நாலு வாய் எடுத்துவிட்டு எழுந்து போனாள். நெய் டப்பாவை நான் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்தேன். அது போதவில்லை. என் கை பட்ட பால், என் கை பட்ட தயிர் எல்லாமே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவருக்குத் தெரியாமல் ஒரு பையில் அவளுடைய உடைகளையும் போர்வையையும் எடுத்து வைத்தேன், ஆஸ்பத்திரிக்கு. ஸ்வெட்டரை மடித்தபோது அது எட்டாம் வகுப்பில் வாங்கியது என்று கவனித்தேன். இன்னும் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

எடை பார்க்கும் நாளும் சங்கஷ்டியும் ஒன்றாக வந்து சேர்ந்தன. சாயங்காலம் டாக்டரிடம் போக வேண்டும். காலையில் எழுந்து குளித்து விளக்கேற்றினேன். அன்று அவள் சமையலறைக்கு வரவே இல்லை. அதனால் நானே செய்தேன். எல்லாவற்றையும் அளந்தேன். கிண்ணத்தில் அவளுடைய காகிதத்தையே விரித்தேன். நெய் டப்பாவை ஒளித்த இடத்திலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமல், அவள் பார்க்கிற மாதிரி மேஜையின் நடுவில் வைத்தேன். திருடி மாட்டிக்கொண்டவள் பொருளைத் திருப்பி வைப்பது போலத்தான் இருந்தது, அதனால் என்ன?

அவள் வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் எதுவும் போடலே கண்ணு. சாமி சத்தியமா. சாப்புடு."

அவள் கரண்டியைத் தொடவில்லை.

"சாயங்காலம் டாக்டர் எடை பாக்கோணும்னாங்க. தெரியுமில்ல? கொறஞ்சிருந்தா அங்கேயே படுக்க வெச்சிருவாங்க. ரெண்டு வாயாச்சும் சாப்புடு சாமி."

"நீ சாப்டியா?"

"எனக்கென்ன? நான் இன்னைக்கு விரதம்."

"நேத்து?"

நேற்று செவ்வாய்க்கிழமை. 

"நேத்தும் விரதம். போன வாரம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி கிருத்திகை," என்றாள். "நீ சாப்டாம மயக்கம் வந்து கட்டில்ல படுத்தா அப்பா தலைய புடிச்சு விடறாரு. காக்கூ வந்து கால் தொட்டுக் கும்பிடாத குறையா பேசறாங்க. நான் சாப்டலேன்னா மட்டும் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போறீங்க. நீ இருந்தா விரதம், நான் இருந்தா வியாதி. இல்ல?"

"என்னடி பேச்சு பேசற? உனக்காகத்தான்டி இருக்கறேன்! நீ சாப்புடோணும்னுதான்!"

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. அவள் சிரிக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. கண் நிறையத் தண்ணீரோடு, "எனக்காகன்னா சாப்டும்மா. சாப்டாம இருக்காதே. எனக்கு பயமா இருக்கு," என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்தப் பெண்ணுக்காக நான் பட்டினி கிடந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன், இவள் என்னைக் கேள்வி கேட்கிறாள்! கோபத்தோடுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் ஒரு கரண்டியை எடுத்தேன். குளித்து விளக்கேற்றியவள், சந்திரன் வர இன்னும் ஒரு பகல் முழுக்க இருக்கிறது, கிண்ணத்தில் இருப்பதோ முட்டை. பிள்ளையாரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பிறகு கிண்ணத்தின் நடுவில் கரண்டியால் ஒரு கோடு கிழித்தேன்.

"இது உன் பக்கம். இது என்ற பக்கம். நான் சாப்புட்டா நீ சாப்புடோணும்."

ஒரு வாய் வைத்தேன்.

இத்தனை மாதமாக நான் தினமும் என் கையால் செய்து, கும்பிட்டுக் கும்பிட்டு என் மகளுக்குக் கொடுத்த பண்டத்தை அன்றுதான் முதல் முறையாகத் தின்கிறேன். சகிக்கவில்லை. உப்பு இல்லை, இனிப்பு இல்லை, முட்டை வாடை. ஈரமான அட்டையை மெல்வது போல இருந்தது. விழுங்க முடியாமல் அவளைப் பார்த்தேன்.

"ஏங்கண்ணு, இதையா தினமும் தின்னே?"

"ம்."

"நல்லாவே இல்லையே!"

"தெரியும்," என்றாள். அவள் உதட்டோரம் லேசாக இழுத்தது. எத்தனையோ நாட்களாக நான் பார்க்காத இழுப்பு அது. அவள் கையை நீட்டி நெய் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "போட்டுக்கோ. உன் பக்கம் மட்டும்."

குளிரில் நெய் கல்லாகக் கிடந்தது. கரண்டியால் சுரண்டி என் பாதியின் மேல் வைத்தேன். சூட்டில் அது உருகிக் கோட்டை நோக்கி ஓடியது. ஐயோ என்று அவசரமாகக் கரண்டியால் தடுத்தேன், ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் போகாமல். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்தாள். நான் ஒரு வாய். அவள் ஒரு வாய்.  பஸ்ஸிலிருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. என் பக்கம் முடியப் போகும்போது அவளுடைய கரண்டி கோட்டைத் தாண்டி வந்து, நெய் ஊறிய ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை எடுத்தது. நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து என் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், தொட்டிப் பக்கம் திரும்பி நின்ற காலைகளில் எப்படி இருந்தேனோ அப்படியே.

கிண்ணம் காலியாகவில்லை. அவள் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் மூன்று பேரும் போனோம். பை காரின் டிக்கியில் இருந்தது. எடைக் கருவியில் அவள் ஏறி நின்றாள். எண் தள்ளாடி நின்றபோது டாக்டரின் முகம் மாறியது. குறைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கான காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். என் கணவர் என் கையைப் பிடித்தார்.  டாக்டர் எழுதிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் கேட்கும் கேள்வியை நிமிராமலே கேட்டார். இன்று காலை என்ன சாப்பிட்டாய்?

மற்ற நாளில் என்றால் ஓட்ஸ் இத்தனை கிராம், பால் இத்தனை என்று பாடம் ஒப்பிப்பாள். அன்று ஒரு எண்ணும் சொல்லவில்லை.

"பேக்டு ஓட்ஸ்," என்றாள் இந்தியில். "மம்மியோடு சேர்ந்து." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம் நெய்யும்."

டாக்டரின் பேனா நின்றது. உண்மையா என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "உங்களுக்கு இன்று விரதமாக இருந்திருக்குமே?" என்றார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, அவர் வீட்டிலும் சங்கஷ்டி இருக்கும். ஆமாம், ஆனால் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அவர் அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து மேஜை டிராயரில் போட்டார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது, கூடவே கோபமும். கோட்டைத் தாண்டி நெய்யை எடுத்ததை வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பெண்? காரில் ஏறும்போது அவளிடமே அதைக் கேட்டேன்.

"நீ பாத்துட்டுதானே இருந்தே?" என்றாள். "நாளைக்கு உப்பு போடும்மா."